ஆள் உண்டு, வண்டி உண்டு, ஆனால் ரோடு போடக்கூடாது: ‘ஃபோர்ஸ் அக்கவுண்ட்’ வரம்பு என்றால் என்ன?

அமெரிக்காவில் ஒரு கவுண்டி. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி, ஆனால் கொஞ்சம் சின்னது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சாலைப் பிரிவில் ஒரு பொக்லைன் நிற்கிறது, நாலைந்து டிப்பர் லாரி நிற்கிறது, மாதம் தவறாமல் சம்பளம் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கிராமத்துப் பக்கம் ஒரு சிறுபாலம் துருப்பிடித்து உட்கார ஆரம்பித்துவிட்டது. இந்த ஆட்களே போய்த் தோண்டி, பழைய குழாயைப் பிடுங்கிவிட்டுப் புதியதை வைத்து மூடிவிட்டு வந்துவிடலாம், வேலை தெரிந்தவர்கள்தான். ஆனால் எஸ்டிமேட் ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாண்டிவிட்டால் சட்டம் குறுக்கே வந்து நிற்கும்: நீங்கள் செய்யக்கூடாது, டெண்டர் விடுங்கள், ஒப்பந்தக்காரர் செய்யட்டும்.

முதல்முறை கேட்கும்போது எனக்கும் இது கிறுக்குத்தனமாகத்தான் பட்டது. சொந்தமாக வண்டி வாங்கி நிறுத்திவிட்டு, தூரம் அதிகமென்றால் வாடகை வண்டியில்தான் போகவேண்டும் என்று நாமே நமக்கு விதி போட்டுக்கொள்வது போல. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் விதிக்கு ஒரு நியாயம் இருக்கிறது, அதை எதிர்ப்பவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. இரண்டு தரப்பும் முட்டிக்கொள்வது வரம்பு எவ்வளவு என்பதில்தான் என்று வெளியே தெரியும். நிஜமான சண்டை அந்த வரம்புக்குள் எந்தெந்தச் செலவைச் சேர்ப்பது என்பதில்.

முதலில் பெயர். அரசுத் துறை தன் சொந்த ஆள், சொந்த இயந்திரம், தானே வாங்கிய பொருள் ஆகியவற்றை வைத்து வேலையை முடிப்பதை அங்கே ‘ஃபோர்ஸ் அக்கவுண்ட்’ என்கிறார்கள். ஃபோர்ஸ் என்றால் இங்கே பலவந்தம் இல்லை, ஆள்பலம். தமிழில் துறைவழிப் பணி என்று சொல்லலாம். குழப்பம் என்னவென்றால், இதே சொல்லுக்கு அதே சாலைத் துறையில் இன்னொரு பொருளும் உண்டு. ஒப்பந்தக்காரர் வேலை செய்துகொண்டிருக்கும்போது மண்ணுக்கு அடியில் யாரும் எதிர்பார்க்காத ஒரு பழைய கான்கிரீட் சுவர் வந்துவிட்டது, அதை உடைக்க ஒப்பந்தத்தில் விலை எதுவும் பேசவில்லை. அப்போது என்ன செய்வார்கள்? இன்று எத்தனை பேர், எத்தனை மணி நேரம், எந்த இயந்திரம் எவ்வளவு ஓடியது என்று தினமும் துறையின் மேற்பார்வையாளரும் ஒப்பந்தக்காரரின் ஆளும் சரிபார்த்து எழுதி வைப்பார்கள், அந்தக் கணக்குக்கு மேல் ஒரு சதவீதம் லாபமும் மேல்செலவும் சேர்த்துப் பணம் கொடுப்பார்கள். இதற்கும் ஃபோர்ஸ் அக்கவுண்ட் என்றுதான் பெயர். இரண்டுக்கும் பொதுவானது ஒன்றே ஒன்று: முன்கூட்டியே பேசிய விலை கிடையாது, ஆன செலவுதான் கணக்கு. இந்தக் கட்டுரையில் நான் பேசுவது முதல் பொருளை மட்டும். செய்தியில் இந்தச் சொல்லைப் பார்த்தால் எது என்று ஒருமுறை நிதானித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தலையும் புரியாது வாலும் புரியாது.

சரி, வரம்பு எதற்கு?

அரசு வேலையில் பணம் ஒழுகுவதற்கு இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று ஒப்பந்தக்காரர் பக்கம். 1870 வாக்கில் நியூயார்க்கில் ட்வீட் என்ற அரசியல்வாதியின் கும்பல் நீதிமன்றக் கட்டடம் ஒன்றைக் கட்டியபோது, வேண்டப்பட்ட ஒப்பந்தக்காரர்கள் போட்ட பில்லெல்லாம் ஊதிப் பெருத்து ஊரே நாறியது. போட்டி டெண்டர், மூடிய உறை, குறைந்த விலைக்காரருக்கு வேலை என்கிற ஏற்பாடெல்லாம் இந்த மாதிரி ஆட்களைக் கட்டுப்படுத்தத்தான். இன்னொரு ஓட்டை துறையின் சொந்த ஆட்கள் பக்கம். ஓட்டுப் போட்டவனுக்கெல்லாம் ரோடு வேலையில் ஆள் கணக்கில் பெயர் சேர்த்துச் சம்பளம் கொடுப்பது அந்தக் காலத்து நகர அரசியலில் சர்வசாதாரணம். டெண்டருக்கு வராத வேலைக்கு விலையே வெளியே தெரியாது. வேலை பத்து நாள் இழுத்தாலும் இருபது நாள் இழுத்தாலும் கேட்க ஆளில்லை, சம்பளம் எப்படியும் போகும். ஆகவே சின்ன வேலையை நீயே செய், பெரிய வேலையைச் சந்தையில் போட்டு விலை கேள் என்று ஒரு கோடு கிழித்தார்கள். அந்தக் கோடுதான் வரம்பு.

இதில் தனியார் ஒப்பந்தக்காரர்களின் சங்கங்களுக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை பாதிதான். அரசு தன் ஆளை வைத்து வேலையை முடித்துக்கொண்டால் அவர்களுக்கு வருமானம் இல்லை, எனவே வரம்பு தாழ்வாக இருக்கவேண்டும் என்று சட்டமன்றத்தில் அவர்கள் வாதாடுவதும், கவுண்டி என்ஜினீயர்கள் உயர்த்தக் கேட்பதும் வழக்கமாக நடக்கிற இழுபறி. இதில் யாரும் உத்தமர் வேஷம் போடவேண்டியதில்லை.

ஒஹையோ மாநிலத்தை எடுத்துக்கொள்ளலாம், அங்கே இந்த விதி ரொம்பத் துல்லியமாக எழுதப்பட்டிருக்கிறது. 2003-ல் திருத்தி, அப்புறம் நீண்ட காலம் நடப்பில் இருந்த வரம்புகள் இவை: கவுண்டிக்கு, சாலையைப் புதிதாகப் போடுவதோ அகலப்படுத்துவதோ மேலடுக்கு போடுவதோ என்றால் மைலுக்கு 30,000 டாலர், பாலம், சிறுபாலம் என்றால் 100,000 டாலர். கவுண்டிக்குக் கீழே இருக்கும் டவுன்ஷிப்புக்கு இன்னும் குறைவு, பராமரிப்பு வேலைக்கு 45,000, புதிதாகப் போட மைலுக்கு 15,000. பிற்பாடு இவற்றை உயர்த்திவிட்டார்கள். விதி எப்படி வேலை செய்கிறது என்று காட்டப் பழைய எண்களே நன்றாக இருக்கும் என்பதால் அவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

மைலுக்கு 30,000 டாலர் என்றால் என்ன செய்ய முடியும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மைல் என்பது 5,280 அடி. சாலை 20 அடி அகலம். மேலே ஒன்றரை அங்குலக் கனத்தில் சூடான தார்க் கலவை போடுகிறோம். ஒன்றரை அங்குலம் என்றால் அடியில் எட்டில் ஒரு பங்கு. பெருக்கினால் 13,200 கன அடி. தார்க் கலவையை உருட்டி இறுக்கினால் கன அடிக்குச் சுமார் 145 பவுண்டு எடை வரும், ஆக மொத்தம் 19 லட்சத்துச் சொச்சம் பவுண்டு, அமெரிக்க டன்னில் கிட்டத்தட்ட 957. டன் 60 டாலர் என்று வைத்துக்கொண்டாலும் கலவைக்கு மட்டுமே 57,000 டாலரைத் தாண்டிவிடுகிறது. ஆள் கூலி, லாரி, ரோலர் எதையும் இன்னும் தொடவே இல்லை! அதாவது சட்டம் ‘தார் மேலடுக்கு போடாதே’ என்று எங்கும் எழுதவில்லை, ஆனால் எண்ணே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. சொந்த ஆட்களுக்கு மிஞ்சுவது தார்க்குழம்பைத் தெளித்து அதன் மேல் பொடி ஜல்லியைத் தூவி உருட்டுகிற ‘சிப் சீல்’ மாதிரியான மலிவான வேலைகள். ஒரு வரம்பைப் பார்த்ததும் தொகை பெரிதா சின்னதா என்று யோசிப்பதைவிட, அந்தத் தொகைக்குள் எந்த வேலை அடங்கும் எந்த வேலை அடங்காது என்று இப்படிப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

இங்கேயே இன்னொரு நுணுக்கம். கவுண்டிக்கான அந்த மைல் வரம்பு புதுச் சாலை, மறுகட்டுமானம், மேலடுக்கு ஆகியவற்றுக்குத்தான். பள்ளத்துக்கு ஒட்டுப் போடுவது, ஓரத்துப் புல்லை வெட்டுவது, வடிகாலைத் தூர்வாருவது போன்ற பராமரிப்புக்கு அது பொருந்தாது. எனவே ‘பராமரிப்பு’ எங்கே முடிந்து ‘மறுகட்டுமானம்’ எங்கே தொடங்குகிறது என்பது காசு பெறும் கேள்வி ஆகிவிடுகிறது. ஒரு பள்ளத்தை அடைத்தால் பராமரிப்பு, சரி. அடுத்தடுத்து நூறு பள்ளத்தை அடைத்து, இதற்கு முழுசாகவே ஒரு அடுக்கு போட்டுவிடலாமே என்று போட்டால்? அது மேலடுக்கு. ஆட்கள் அதே ஆட்கள், தார் அதே தார், பெயர் மாறியதும் விதி மாறுகிறது.

இப்போது நான் முதலில் சொன்ன சிறுபாலத்துக்கு வருவோம், விஷயத்தின் சாரம் அங்கேதான் இருக்கிறது. எண்கள் எல்லாம் நான் உதாரணத்துக்கு வைத்துக்கொண்டவை.

ஆறு பேர், எட்டு நாள், நாளுக்கு எட்டு மணி: 384 மணி நேரம். சம்பளத்தோடு காப்பீடு, ஓய்வூதியப் பங்கு எல்லாம் சேர்த்து மணிக்கு 42 டாலர் என்றால் 16,128. பொக்லைன் 64 மணி நேரம், மணிக்கு 110 வீதம் 7,040. இரண்டு டிப்பர், மொத்தம் 128 மணி, மணிக்கு 60 வீதம் 7,680. ரோலர், தண்ணீர் இறைக்கும் பம்பு இத்யாதி 2,500. இனி பொருட்கள். பழைய குழாய்க்குப் பதிலாக வைக்கும் கான்கிரீட் பெட்டித் துண்டுகள் 46,000, பக்கவாட்டில் நிரப்ப ஜல்லி 450 டன் 9,900, மேலே திரும்பத் தார் போட 3,500, ஓரத் தடுப்புக் கம்பி 4,000. இதுவரை 96,748. அப்பாடா, நூறாயிரத்துக்குள் வந்துவிட்டது என்று பெருமூச்சு விடும் நேரத்தில் மேல்செலவு என்று ஒரு வரி பாக்கி இருக்கிறது. அலுவலக வாடகை, கணக்கர், மேற்பார்வை எல்லாவற்றுக்குமாகக் கூலியில் 25 சதவீதம் என்று வைத்தால் 4,032. மொத்தம் 100,780. வரம்பை 780 டாலர் தாண்டிவிட்டது. டெண்டர் விட்டாக வேண்டும்.

இப்போது அந்தச் சாலைப் பிரிவின் மேஸ்திரியிடம் போய், இந்த வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். அவர் என்ன சொல்வார்? ‘பொருள் வாங்க 63,400 ஆகும், அப்புறம் டீசல். அவ்வளவுதான்.’ ஏனென்றால் ஆட்கள் சும்மா இருந்தாலும் சம்பளம் வாங்கத்தான் போகிறார்கள், பொக்லைன் ஷெட்டில் நின்றாலும் அதே பொக்லைன்தான், அலுவலகக் கணக்கர் இந்தப் பாலத்துக்காக வரவில்லை. அவர் சொல்வது பொய் இல்லை. சட்டப்படி போடவேண்டிய எஸ்டிமேட் படிவம் சொல்லும் 100,780-ம் பொய் இல்லை. ஒன்று, இந்த வேலையைச் செய்வதால் கையை விட்டுக் கூடுதலாகப் போகும் பணம். மற்றது, இந்த வேலைக்காகச் செலவழிந்த எல்லா வளத்துக்கும் போட்ட விலை. கவுண்டியில் ஒருவர், நாங்கள் செய்தால் பாதி விலை என்று சொல்லும்போதும், ஒப்பந்தக்காரர் ஒருவர், அவர்கள் செலவை மறைக்கிறார்கள் என்று சொல்லும்போதும், தொண்ணூறு சதவீதம் இந்த இரண்டு கணக்கில் ஆளுக்கு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள்.

எது சரி? என் அபிப்பிராயம், அது அந்த ஆட்களை எதற்காக வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஒஹையோ மாதிரி ஊரில் குளிர்காலத்தில் பனி தள்ளவும் உப்புத் தூவவும் ஆள் வேண்டும், நள்ளிரவில் கூப்பிட்டாலும் வரவேண்டும். கோடையில் அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் குளிருக்குத் திரும்பக் கூப்பிட்டால் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். ஆகவே கோடையில் அவர்கள் கை ஓரளவு காலியாகத்தான் இருக்கும், அந்த நேரத்தில் ஒரு சிறுபாலம் என்றால் மேஸ்திரியின் கணக்கு நியாயமானது. ஆனால் பாலங்களையே சொந்தமாகப் போடுவோம் என்று ஒரு கவுண்டி இறங்கி, அதற்காக இன்னும் எட்டு ஆள், இன்னொரு பொக்லைன், ஒரு கிரேன் என்று வாங்க ஆரம்பித்துவிட்டால், ‘எப்படியும் இருக்கிற ஆட்கள்தானே’ என்கிற வாதம் செத்துவிடும். அப்போது படிவத்தின் கணக்குதான் நியாயம். சட்டம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை, அதற்கு எல்லாம் ஒன்றுதான். சட்டம் மொண்ணையாக இருப்பதில் ஒரு வசதியும் உண்டு: யாரும் காரணம் சொல்லிச் சொல்லி வளைக்க முடியாது.

ஒஹையோவில் எதையெதைச் சேர்க்கவேண்டும் என்பதை என்ஜினீயரின் மனசாட்சிக்கு விடவில்லை. மாநிலத் தணிக்கையாளர் அலுவலகம் வகுத்த ஒரு படிவத்தில்தான் எஸ்டிமேட் போட்டாக வேண்டும், அதுவும் வேலை தொடங்கும் முன்பே. சம்பளம், சலுகைகள், பொருள், சரக்குக் கட்டணம், எரிபொருள், ஏற்றிச் செல்லும் செலவு, மேல்செலவு, தொழிலாளர் விபத்துக் காப்பீட்டுப் பிரீமியம், கருவிகளின் பயன்பாட்டுக்கு ஒரு தொகை, அவற்றின் தேய்மானம் வரை எல்லாம் சேரவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. போன வருஷம் வாங்கிக் கிடங்கில் போட்டுவைத்த குழாயைப் பயன்படுத்தினாலும் அதன் விலை உள்ளே வரும், சும்மா கிடந்தது என்று விட முடியாது.

மீறினால்? இங்கேதான் தண்டனை எனக்குச் சுவாரஸ்யமாகப் பட்டது. ஒஹையோவில் முதல் தடவை மீறினால் அந்த அமைப்பின் வரம்பையே ஒரு வருஷத்துக்குக் குறைத்துவிடுவார்கள். இரண்டாம் தடவை என்றால் இரண்டு வருஷம். மூன்றாம் தடவை மீறினால் அந்த வேலையின் மொத்தச் செலவில் 20 சதவீதத்தை மாநிலத்திலிருந்து வரவேண்டிய நிதியில் பிடித்துக்கொள்வார்கள். அபராதம் போட்டால் அதையும் மக்கள் வரிப்பணத்தில்தான் கட்டுவார்கள் என்று யோசித்தோ என்னவோ, முதல் இரண்டு தடவையும் பணத்தைத் தொடாமல் அதிகாரத்தைக் குறைக்கிறார்கள்.

சரி, 780 டாலர்தானே இடிக்கிறது, அந்தத் தடுப்புக் கம்பியை மட்டும் அடுத்த மாதம் தனி வேலையாகப் போட்டுக்கொண்டால் பாலத்தின் எஸ்டிமேட் 96,780-க்கு வந்துவிடுமே என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், வாழ்த்துகள், கவுண்டி என்ஜினீயர்களுக்குத் தோன்றுவதும் அதுவேதான். வேலையைத் துண்டு போடுவது என்பது இந்த மாதிரி விதிகள் எல்லாவற்றிலும் உள்ள பழைய வியாதி. மூன்று மைல் சாலையை மூன்று வேலையாக எழுதுவது, மண் வேலையை டிசம்பரிலும் தார் வேலையை மார்ச்சிலும் காட்டுவது என்று எத்தனையோ வகை. தணிக்கைக்கு வருகிறவர் முதலில் தேடுவதும் இதைத்தான்: பக்கத்துப் பக்கத்து இடம், அடுத்தடுத்த தேதி, ஒரே ஆட்கள், வரம்புக்குச் சில நூறு டாலர் கீழே நிற்கும் தொகை. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் குற்றமில்லை, நாலும் சேர்ந்தால் கேள்வி வரும்.

இந்த வியாதிக்கு மருந்தாகச் சில இடங்களில் வரம்பின் வடிவத்தையே மாற்றியிருக்கிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் பெரிய நகரங்களுக்கு ஒரு வேலைக்கு இவ்வளவு என்று பார்ப்பதைவிட, வருஷத்து மொத்தப் பொதுப்பணிக் கட்டுமான பட்ஜெட்டில் 10 சதவீதத்துக்கு மேல் சொந்த ஆட்களை வைத்துச் செய்யக்கூடாது என்பதுதான் முக்கியமான கட்டுப்பாடு. மொத்தத்தில் கயிறு கட்டிவிட்டால் துண்டு போட்டு லாபமில்லை, எத்தனை துண்டாக வெட்டினாலும் கூட்டினால் அதே தொகைதான். ஒரு வருஷம் தாண்டினால் அடுத்த வருஷப் பங்கிலிருந்து கழிப்பார்கள். தொடர்ந்து மீறும் நகரத்துக்கு எரிபொருள் வரியிலிருந்து வரும் பங்கில் 20 சதவீதத்தை நிறுத்திவைக்கும் ஏற்பாடும் உண்டு. அதே மாநிலத்தில் சின்ன நகரங்களுக்கு வேறு மாதிரி: ஒரே தொழில்வகை ஆட்கள் போதும் என்கிற வேலைக்கு ஒரு தொகை, கொத்தனார், மின்பணியாளர் என்று பல தொழில்வகை தேவைப்படும் வேலைக்கு அதைவிடக் கூடுதல் தொகை. 2019-ல் இவற்றை முறையே 75,500 டாலர், 116,155 டாலர் என்று வைத்தார்கள். முழு எண்ணாக இல்லாமல் இப்படி உதிரியாக ஒரு தொகையைச் சட்டத்தில் பார்க்கும்போது எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம், யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று.

எல்லா வரம்புக்கும் பொதுவான இன்னொரு தொந்தரவு விலைவாசி. சட்டத்தில் எண்ணை எழுதிவிட்டால் அது அப்படியே நிற்கும், தார் விலையும் இரும்பு விலையும் நிற்காது. வரம்பு மாறாமலே வருஷா வருஷம் சுருங்கிக்கொண்டு வரும், யாரும் ஓட்டுப் போட்டுக் குறைக்காமலே. 2021, 2022-ல் சாலைக் கட்டுமானச் செலவு மளமளவென்று ஏறியபோது பழைய வரம்பில் இருந்த இடங்களெல்லாம் திணறின. கட்டுமான விலைக் குறியீட்டோடு வரம்பைக் கட்டிவிடுவது இதற்கு ஒரு வழி, வருஷம் ஒருமுறை தானாக ஏறும். அப்படிச் செய்தால் சட்டமன்றத்தில் ஒவ்வொரு முறையும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை, அதனாலேயே மல்லுக்கட்டில் வலுவான தரப்புக்கு இந்த வழி பிடிப்பதில்லை.

இதெல்லாம் மாநில, கவுண்டிப் பணத்துக்கு. மத்திய அரசு நெடுஞ்சாலை நிதி உள்ளே வந்துவிட்டால் விளையாட்டு வேறு. அங்கே இந்தத் தொகைக்குக் கீழே நீயே செய்துகொள் என்கிற சலுகைக் கோடு கிடையாது. தொடக்கமே போட்டி டெண்டர்தான். வேறு முறைதான் சிக்கனம் என்று மாநிலம் நிரூபிக்கவேண்டும், அல்லது அவசரநிலை இருக்கவேண்டும். டெண்டருக்கு ஆளே வரவில்லை, அல்லது வந்த விலையெல்லாம் அநியாயமாக இருக்கிறது என்பதை அப்படிச் சொந்த ஆட்களை இறக்குவதற்கான சூழ்நிலைகளில் ஒன்றாக விதியிலேயே எழுதியிருக்கிறார்கள்.

வெளிநாடுகளில் வேறு பாதையும் உண்டு. பிரிட்டனில் 1980-ல் வந்த உள்ளாட்சிச் சட்டம், நகராட்சிகளின் சொந்தக் கட்டுமான, சாலை ஆட்களுக்குத் தனி வரவுசெலவுக் கணக்கு வைக்கச் சொன்னது, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட வேலைகளில் தனியாரோடு போட்டி போட்டு ஜெயித்தால்தான் வேலை என்றது, போட்ட மூலதனத்துக்கு 5 சதவீத வருவாய் காட்டவேண்டும் என்றும் சொன்னது. அதாவது நீ செய்யாதே என்று தடுக்காமல், செய், ஆனால் உன் விலையையும் உறையில் போட்டுக் கொடு என்று சொல்லிவிட்டார்கள். கேட்க அழகாக இருக்கிறது. நடைமுறையில் தொழிலாளர் சங்கங்களுக்கும் நகராட்சிகளுக்கும் இது தீராத தலைவலியாக இருந்தது, 2000-ம் ஆண்டு தொடக்கத்தில் கட்டாயப் போட்டி முறையைக் கைவிட்டு வேறு ஏற்பாட்டுக்குப் போனார்கள். உலக வங்கியின் பழைய கொள்முதல் விதிகளோ எண்ணையே வைக்காமல் சூழ்நிலைகளைப் பட்டியல் போட்டன: வேலையின் அளவை முன்கூட்டியே சொல்ல முடியாதபோது, வேலை சின்னச் சின்னதாகச் சிதறிக் கிடக்கும்போது அல்லது ஒப்பந்தக்காரர் நியாயமான விலைக்கு வராத தூர இடமாக இருக்கும்போது, நடந்துகொண்டிருக்கும் சேவை தடைப்படக்கூடாது என்னும்போது, அவசரமாக இருக்கும்போது எல்லாம் சொந்த ஆட்களை வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பட்டியலில் முதல் காரணத்தைச் சும்மா தாண்டிப் போய்விடக்கூடாது. பள்ளம் ஒட்டுகிற வேலையை நினைத்துப் பாருங்கள். காலையில் லாரியில் தார்க் கலவையை ஏற்றிக்கொண்டு கிளம்பும்போது இன்று எத்தனை பள்ளம் என்று யாருக்கும் தெரியாது. வெளியே பார்த்தால் கையகலம், உடைந்த ஓரத்தைச் சதுரமாக வெட்டி எடுத்தால் அடியில் மண் குழைந்து ஒரு கட்டில் அகலத்துக்குப் போகிறது. இதற்கு எந்த ஒப்பந்தக்காரர் எந்த விலை சொல்வார்? தெரியாததற்கெல்லாம் சேர்த்து ஒரு கனத்த தொகையாகச் சொல்வார், அது அவர் தப்பும் இல்லை. இந்த மாதிரி வேலைக்குச் சொந்த ஆட்கள்தான் தோது. எதிர்முனையில், பத்து மைலுக்குத் தார் போடுவது என்றால் அளவு துல்லியமாகத் தெரியும், அதற்கு வேண்டிய பெரிய பேவர் இயந்திரத்தை ஒரு கவுண்டி வாங்கி வருஷத்தில் மூன்று வாரம் ஓட்டுவது வீண், பல ஊர்களில் ஓட்டுகிற ஒப்பந்தக்காரரிடம்தான் அது மலிவு.

ஒப்பிடும்போது இன்னொரு பக்கத்தையும் கூட்ட மறந்துவிடுகிறார்கள். டெண்டர் விடுவதற்கும் செலவு உண்டு. விவரமான வரைபடம், நிபந்தனைகள், பத்திரிகை விளம்பரம், உறை திறப்பு, ஒப்பந்தம், அப்புறம் தளத்தில் துறையின் மேற்பார்வையாளர் நின்று அளந்து சரிபார்ப்பது என்று எல்லாமே. சொந்த ஆட்களிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லி முடித்துவிடுகிற விஷயத்துக்கு ஒப்பந்தத்தில் நாலு பக்கம் எழுத வேண்டும். சொந்த ஆட்களின் எஸ்டிமேட்டில் மேல்செலவைச் சேர்க்கச் சொல்லும் அதே கறாரோடு, டெண்டர் விலையோடு இந்தச் செலவையும் கூட்டினால்தான் தராசு நேராக நிற்கும். அதே சமயம் ஒப்பந்தக்காரர் பக்கம் ஒரு கெட்டியான சரக்கு இருக்கிறது: வேலையை முடிப்பேன் என்று மூன்றாம் நபரின் உத்தரவாதப் பத்திரம். பாதியில் விட்டுவிட்டு ஓடினால் அந்த உத்தரவாத நிறுவனம் பொறுப்பு. சொந்த ஆட்கள் வைத்த பெட்டி ஒரு மழைக்கு இறங்கிவிட்டால் திரும்ப எடுத்து வைப்பது கவுண்டியின் செலவுதான்.

அந்த 780 டாலர் சிறுபாலம் என்ன ஆகும் என்கிறீர்களா? கம்பியைத் தனி வேலையாகக் காட்ட மனசில்லாத என்ஜினீயர் என்றால் டெண்டர் விடுவார், விளம்பரம், உறை என்று வாரக்கணக்கில் போகும். ஒன்று, பக்கத்து ஊர் ஒப்பந்தக்காரர் கைவசம் வேலை இல்லாத நேரமாக இருந்து 92,000-க்கு எடுத்துக்கொள்வார், அப்போது சட்டம் சொன்னது சரி என்று ஆகும். இல்லையென்றால் கோடையில் எல்லாரும் பெரிய வேலைகளில் மூழ்கியிருக்க, வந்த ஒரே உறையில் 145,000 என்று இருக்கும். ஷெட்டில் பொக்லைன் நின்றுகொண்டிருக்கும், மேஸ்திரி ஒன்றும் பேசமாட்டார், ஆனால் அவர் முகத்தில் 63,400 என்று எழுதியிருக்கும்.